'ஐ' எங்கே என்று கேட்கும் வகுப்பு

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, இடையில் வரும் புகுமுக வகுப்புக்குப் போகாமல் நேரே இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் சேர்ந்தவள். சேர்ந்த மாதமே ஆங்கிலப் பயிற்சி ஒன்றில் பத்துக்கு இரண்டு வாங்கி வந்தாள். வாக்கியத்தில் வினை எந்த வகை, அதன்பின் நிற்பது ஆப்ஜெக்டா (செயப்படுபொருள்), காம்ப்ளிமென்டா (எழுவாயையோ ஆப்ஜெக்டையோ பற்றிச் சொல்லும் நிரப்புச் சொல்) என்று பிரித்துக் காட்டும் பயிற்சி அது. எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த டியூஷன் நிலையத்தில், "வினையைப் பார்த்து 'என்ன' என்று கேள், கிடைக்கும் விடைதான் ஆப்ஜெக்ட்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'ஹி பிகேம் எ டாக்டர்' என்பதில் இவளும் அப்படியே கேட்டிருக்கிறாள். என்ன ஆனார்? டாக்டர். ஆகவே ஆப்ஜெக்ட் என்று எழுதிவிட்டாள். சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளை எழுதினாள். தவறு அந்த விதியில் இருக்கிறது.

அதன் பிறகுதான் தமிழ் இலக்கணத்தின் வழியே ஆங்கில இலக்கணம் சொல்லித் தரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பூமாலைக் கடைக்கு மேல்மாடி. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. மாதம் 110 ரிங்கிட். பதினான்கு பிள்ளைகள். பெற்றோர் விரும்பினால் கடைசி வரிசையில் உட்காரலாம். நான் நான்கு மாதங்களாக உட்கார்ந்து வருகிறேன்.

முதல் நாள் ஆசிரியை பலகையில் ஆங்கிலமே எழுதவில்லை. 'குமரன் பந்தை உதைத்தான்' என்று எழுதி, "ஐ எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பதினான்கு கைகளும் உயர்ந்தன. செயப்படுபொருள், ஐ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு, செயப்படுபொருள் ஏற்காத குன்றிய வினை, அதை ஏற்கும் குன்றா வினை எல்லாம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததை ஆங்கில வகுப்புக்கு எடுத்துப் போகலாம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. 'சிரித்தான்' என்பதற்குச் செயப்படுபொருள் தேவையில்லை. ஆங்கிலத்தின் 'லாஃப்ட்'டுக்கும் தேவையில்லை. டாக்டர் ஆனார் என்கிறோம். டாக்டரை ஆனார் என்று சொல்வதில்லை. ஐ ஏற்காததால் அது ஆப்ஜெக்ட் இல்லை, எழுவாயைப் பற்றிச் சொல்லும் காம்ப்ளிமென்ட். இரண்டு வாரம் அழுத பிள்ளைக்கு இது இரண்டு நிமிடத்தில் புரிந்தது.

ஐ மறைந்திருக்கும் இடங்களையும் அவர் விடவில்லை. 'புத்தகம் வாங்கினான்' என்பதில் உருபு இல்லை, ஆனால் புத்தகத்தை என்று சேர்த்துப் பார்க்கலாம். 'ஒரு வாரம் தங்கினான்' என்பதை ஒரு வாரத்தைத் தங்கினான் என்று சொல்ல முடியாது. எனவே 'ஹி ஸ்டேட் எ வீக்' என்பதில் வாரம் ஆப்ஜெக்ட் இல்லை, காலத்தைச் சொல்லும் துணைச் சொல்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் மூன்றாம் வாரத்தில் வந்தது. 'ஹி மேட் ஹர் எ கேக்', 'ஹி மேட் ஹர் எ மேனேஜர்' என்று இரண்டு வாக்கியங்கள். சொற்களின் வரிசையில் இம்மி வேறுபாடில்லை. தமிழில் சொல்லச் சொன்னார். அவளுக்குக் கேக் செய்தார். அவளை மேலாளர் ஆக்கினார். முதலாவதில் கு, இரண்டாவதில் ஐ. முதல் வாக்கியத்தில் இரண்டு ஆப்ஜெக்டுகள் இருக்கின்றன: பெறுபவள் ஒன்று, பொருள் ஒன்று. இரண்டாவதில் ஆப்ஜெக்ட் ஒன்றுதான். மேலாளர் என்பது அந்த ஆப்ஜெக்டைப் பற்றிச் சொல்லும் காம்ப்ளிமென்ட். ஆங்கிலத்தில் சொல்வரிசை காட்டாத வேறுபாட்டை நம் மொழி உருபை வைத்துச் சொல்லிவிடுகிறது. கிளினிக் கவுண்டரில் இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் பேசி வருகிறேன், அன்றுவரை இது எனக்குத் தெரியாது.

'மை ஃபாதர் டீச்சர்' என்று நம் பிள்ளைகள் எழுதுவது ஏன் என்பதையும் விளக்கினார். என் அப்பா ஆசிரியர் என்பது தமிழில் முழு வாக்கியம். மலாயிலும் 'பாபா சாயா குரு' என்றால் போதும். நடுவில் வினை வேண்டும் என்று இரண்டு மொழிகளும் பிள்ளைக்குக் கற்றுத் தரவில்லை. 'மாம்பழம் இனிக்கிறது' என்று ஒரே வினையில் நாம் முடிப்பதை ஆங்கிலம் 'டேஸ்ட்ஸ் ஸ்வீட்' என்று இணைப்பு வினையும் காம்ப்ளிமென்டும் போட்டுச் சொல்கிறது. ஆனால் 'ஷி டேஸ்டட் த மேங்கோ' என்றால் மாம்பழத்தைச் சுவைத்தாள். அதே வினை, இப்போது ஆப்ஜெக்ட் வந்துவிட்டது. வினையைத் தனியாக மனப்பாடம் செய்யாதே, வாக்கியத்தில் வைத்துப் பார் என்று அவர் ஓயாமல் சொல்கிறார்.

குறையையும் சொல்லவேண்டும். ஐ எப்போதும் உதவாது. 'ஷி என்டர்ட் த ரூம்' என்பதை நாம் அறைக்குள் நுழைந்தாள் என்கிறோம். 'ஆன்சர்ட் த க்வெஸ்டியன்' என்பது கேள்விக்குப் பதில் சொன்னான். இரண்டிலும் ஐ இல்லை, ஆங்கிலத்திலோ இரண்டும் ஆப்ஜெக்ட். "அம்மா, அறையில் ஐ இல்லையே, ஏன் தப்பு போட்டிருக்கிறார்கள்?" என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. விவாதிக்கும் பொருளை நாம் 'அதைப் பற்றி' என்று சொல்லிப் பழகியதால்தான் 'டிஸ்கஸ்' மட்டுமே போதும் இடத்திலும் 'டிஸ்கஸ் அபௌட்' என்று இவ்வூரில் பலர் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றிப் பார்க்கச் சொன்னார். 'த ரூம் வாஸ் என்டர்ட்' என்று திருப்ப முடிகிறது, ஆகவே ஆப்ஜெக்ட். 'எ டாக்டர் வாஸ் பிகம்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே காம்ப்ளிமென்ட். நல்ல சோதனை. ஆனால் இது பாடத்திட்டத்தில் பத்தாவது வாரம்தான் வருகிறது. ஐ சொன்ன அன்றே இதையும் சொல்லியிருக்கவேண்டும். இடையில் ஏழெட்டு வாரம் பிள்ளைகள் அரைகுறை விதியோடு பள்ளித் தேர்வுக்குப் போகிறார்கள். அடுத்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்த வரிசையை மாற்றுவதாக ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

பயிற்சித் தாள்களில் அச்சு மங்கல், மாடிப்படி செங்குத்து. வயதானவர்களை அழைத்துப் போகவேண்டாம். செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் நிலையம் வந்து நடந்துவிடலாம். சனிக்கிழமை அந்தப் பகுதியில் காருக்கு இடம் தேடி அலையாதீர்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். தமிழ் இலக்கணம் படிக்காத பிள்ளைக்கு முதல் மாதம் சிரமம். என் தங்கை மகன் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவன், வேற்றுமை உருபு என்றாலே விழித்தான். போன சனிக்கிழமை ரயிலில் என் மகள் அவனுக்குப் பந்தை, பந்துக்கு, பந்தால் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.