பிரெஞ்சுப் பதிவேடா, ஆயாவின் நினைவா?

புதுச்சேரியில் குடும்பத்தின் வேரைத் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள்: பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள், ஆயா (பாட்டி) போன்ற வீட்டுப் பெரியவர்களின் நினைவு.

பதிவேட்டின் பலம் தேதி. பெற்றோர் பெயர், வயது, தொழில், சாட்சிகள் என ஒரே பக்கத்தில் ஒரு குடும்பம் எழுந்து நிற்கும். பழைய ஏடுகளில் ஒரு பகுதியை பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஆவணக் காப்பகம் இணையத்திலேயே வைத்திருக்கிறது. ஆனால் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் ஏறியபோது ‘ழ’கரம் தொலைந்தது, ஒரே பெயர் பல விதமாக எழுதப்பட்டது. 1881 ஆணையின்படி தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அந்தத் துறப்பு ஆவணம் கையில் கிடைக்காவிட்டால், பழைய பெயருக்கு வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். கடலூரில் பிறந்த மருமகளின் பிறப்பும் இங்கே இருக்காது; அது ஆங்கிலேயர் ஆண்ட பகுதி.

ஆயா தேதி சொல்ல மாட்டார். “பெரிய புயலுக்கு மறு வருஷம்” என்பார். இரண்டு தலைமுறைகள் ஒன்றாகிவிடுவதும் உண்டு. ஆனால் தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்தால் ஏட்டில் குழம்பிக் கிடக்கும் இருவரை, பட்டப்பெயர் சொல்லி அவர்தான் பிரித்துக் காட்டுவார். குலதெய்வம் எந்த ஊரில் என்பதும் அவருக்கே தெரியும்.

நான் ஆயாவிடம்தான் முதலில் போகச் சொல்வேன், அதுவும் இந்த வாரமே. குரலைப் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர்களை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள்.