பழைய மாருதி 800: கியர் பாக்ஸைப் பிரிப்பதா, புதுப்பேட்டை போவதா?

என்னுடைய 1998 மாடல் மாருதி 800-இல் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று ஒரு கத்தல். ரோட்டோரம் நிறுத்திக் காட்டினால், மெக்கானிக் பானெட்டைக்கூடத் தூக்கவில்லை. "பாக்ஸ் போச்சு சார். புதுப்பேட்டைல ஒண்ணு எடுத்து மாட்டிடலாம், ஒரே நாள் வேலை." புதுப்பேட்டை என்றால் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சந்தை. வழக்கமாக வண்டி பார்க்கும் அண்ணனோ, "இருக்கிற பாக்ஸையே பிரிச்சுப் பாப்போம், கோன் தேஞ்சிருக்கும்" என்றார். கூட வேலை பார்ப்பவர், கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்றார்.

மூன்றில் எது சரி என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: கோளாறு உண்மையிலேயே பாக்ஸுக்குள்தானா? கியர் புகார்களில் பாதிக்கு மேல் வெளியே இருப்பவை என்பது என் அனுபவம்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் எல்லா கியரும் முரண்டு பிடித்து, ரிவர்ஸ் போட்டால் கத்தினால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். 800-இல் கிளட்ச் கேபிள்தான். அதை அட்ஜஸ்ட் செய்தாலே பல நேரம் தீர்ந்துவிடும். நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால் மட்டும் கேட்டால் ரிலீஸ் பேரிங். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடும்போது இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. வண்டியைத் திருப்பும்போது மட்டும் 'டக் டக்' என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட், பாக்ஸுக்குச் சம்பந்தமில்லை.

மாமா வண்டியில் நடந்தது இன்னும் வேடிக்கை. கிளட்ச் கேபிள் இறுகிப்போனது என்று மாற்றினார்கள். சில மாதத்தில் புதுசும் இறுகியது. கழற்றிப் பார்த்தால் உறையின் பிளாஸ்டிக் உள்ளே உருகியிருக்கிறது. இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை பச்சை பூத்து, பாதி அறுந்து கிடந்தது. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், இன்ஜினையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த கிளட்ச் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்கியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியதை அதுவரை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. எர்த் பட்டையை மாற்றியதும் இரண்டு தொல்லையும் போயின.

என் வண்டிக்கு வருவோம். கத்தல் இரண்டாவது கியரில் மட்டும். பழைய லாரி டிரைவர்கள் மாதிரி கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் நியூட்ரலில் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து இறக்கினால் சத்தமே இல்லை. இது சிங்க்ரோ ரிங்கின் வேலையைக் காலால் செய்வது. கியர் விழும் முன் சுழலும் வேகங்களைச் சமன்செய்யும் பித்தளை வளையம் அது; அண்ணன் 'கோன்' என்றது இதைத்தான். அப்படி மிதிக்காமல் இறக்கும்போது கத்துகிறது என்றால் ரிங் தேய்ந்துவிட்டது. ஆக, கோளாறு பாக்ஸுக்குள்தான்.

புதுப்பேட்டை யோசனைக்கு நிஜமான பலம் உண்டு. ஆர்.சி.யில் பதிவாவது இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும்தான். கியர் பாக்ஸை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஏற வேண்டியதில்லை. 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை வந்த வண்டி என்பதால் பாக்ஸுக்குப் பஞ்சமும் இல்லை. ஆனால் கடையில் கிடப்பது எந்த வண்டியிலிருந்து வந்தது, ஏன் வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. வாங்குவதானால் ஆயிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பக்கத்தில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வையுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டினால் வயதான பாக்ஸுக்கு அது சாதாரணம். சில்லு சில்லாக ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாமல் தங்கத் தூள் மாதிரி மின்னினால் அது பித்தளை, அதாவது சிங்க்ரோ ரிங். உங்கள் பாக்ஸில் இருக்கும் அதே வியாதியைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்! அப்புறம், பில் இல்லாமல் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

எந்த வழியானாலும் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். வித்தியாசம் பாகத்திலும் பிரித்துக் கோக்கும் வேலையிலும்தான். சொந்த பாக்ஸைப் பிரித்தால் ரிங், பேரிங், சீல் எல்லாம் கண்ணால் பார்த்து மாற்றுகிறோம். வாங்கிய பாக்ஸ் சரியில்லை என்றால் அதே கூலி இரண்டாம் முறை. மெக்கானிக்குக்கு ஒரு நாளில் முடியும் வேலை பிடிக்கும். பிரித்துக் கோப்பதற்குப் பொறுமை வேண்டும், ஒரு வாஷர் இடம் மாறினாலும் திரும்ப இறக்க வேண்டும். புதுப்பேட்டையைச் சிலர் முதலில் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சர்வீஸ் சென்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் விசாரித்த இடத்தில் பிரித்து வேலை பார்க்க ஆர்வம் காட்டவில்லை; உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு முழு பாக்ஸ் வரவழைப்பது வண்டியின் விலைக்கே கட்டுப்படியாகாது.

எனவே பிரித்தோம். ரிங்கைக் கியரின் கூம்பில் அழுத்தி, இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார் அண்ணன். ரிங் தேய்ந்தால் உள்ளே இறங்கி இந்த இடைவெளி குறைந்துவிடும். இரண்டாவது கியர் ரிங்கில் அரை மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. பக்கத்து ரிங்கில் தாராளமாக நுழைந்தது. "இதான் கத்துனது" என்று கையில் கொடுத்தார். உள்பக்க வரிகள் வழவழவென்று இருந்தன. ரிங், இன்புட் பேரிங், ஆயில் சீல்கள், பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மாற்றினோம். ஆயில் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். 'தொண்ணூறு ஆயில்' என்று கேட்டால் கடையில் ஜி.எல்.-5 என்ற வகை கியர் ஆயிலை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளை ரிங்கை அரிக்கக்கூடும். டப்பாவில் ஜி.எல்.-4 என்று படித்துப் பார்த்து வாங்கினேன்.

ஹவுசிங்கில், அதாவது பாக்ஸின் வெளிக்கூட்டில், விரிசலோ, கியரில் பல் உடைவோ இருந்திருந்தால் நானும் புதுப்பேட்டைக்குத்தான் போயிருப்பேன், காந்தத்தோடு. அப்போது பிரித்துச் சரிசெய்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. பாக்ஸிலிருந்து போகும் ஸ்பீடோமீட்டர் கேபிள் மட்டும் பழசு; 40-ஐத் தாண்டினால் முள் ஆடுகிறது. புது கேபிள் வாங்கி டிக்கியில் கிடக்கிறது.