புதுக் காரில் திட்டுத்திட்டாகப் பெயிண்ட், அதை மறைக்க ரூ.32,000-க்கு கோட்டிங்: பெங்களூரில் கார் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரூ.32,000. அக்கா வீட்டுப் புதுக் காருக்கு "செராமிக் கோட்டிங்" என்று சொல்லி ஷோரூமில் வாங்கிய பணம். கோட்டிங் வேண்டும் என்று அக்காவோ மாமாவோ கேட்கவே இல்லை. வலதுபக்கப் பின்கதவில் சில்வர் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிகிறதே என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அது அவர்கள் தலையில் கட்டப்பட்டது. திட்டு அப்படியே இருக்கிறது, பணம் போய்விட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் டீலரின் பெயரைப் போடவில்லை. கம்பெனி அங்கீகாரம் பெற்ற, நகரில் பல கிளைகள் உள்ள பெரிய டீலர்.

டெலிவரிக்காகக் காரை நிறுத்தியிருந்த இடம் பேஸ்மென்ட். மேலே வரிசையாக எல்.இ.டி. குழல் விளக்குகள், வண்டி அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. அந்த வெளிச்சத்தில், அந்த ஈரத்தில், எந்த மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்த பெயிண்ட்) கதவும் ஒரே சீராகத்தான் தெரியும். வண்டி சாய்தளம் ஏறி மேகமூட்டமான பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் கதவு காட்டிக்கொடுத்துவிட்டது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பும் கருப்புமாகத் திட்டுகள், கைப்பிடிக்குக் கீழே குறுக்காக இரண்டு பட்டைகள்.

சேல்ஸ் ஆள் தமிழ் பேசுகிறவர், ஓசூர்ப் பக்கம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். "அக்கா, மெட்டாலிக்னா ஒரு ஷேட் அடிக்கத்தான் செய்யும். மேல ஃபேக்டரி வேக்ஸ் இருக்கு, அதான் அப்படித் தெரியுது. கோட்டிங் போட்டா எல்லாம் ஒரே மாதிரி ஆயிடும். நம்ம ஆளுங்களுக்கு நான் தப்பா சொல்வேனா?" என்றார். சுற்றிலும் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமுமாக அவசரப்படுத்திக்கொண்டிருந்த இடத்தில், நம் மொழியில் ஒருவர் பொறுமையாக விளக்கம் சொன்னால் மனசு நம்பத்தான் செய்யும். அங்கேயே ரூ.32,000 கட்டினார்கள். பில்லில் இருந்தது "கார் கேர் பேக்கேஜ்" என்ற மூன்றே சொற்கள், கதவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. பில்லும் டீலர் பெயரில் இல்லை. ஷோரூமுக்குள்ளேயே கோட்டிங் வேலை செய்யும் வேறொரு ஏஜென்சியின் பெயர் அதில் இருந்தது.

அவர் சொன்னது ஏன் பச்சைப் பொய் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். இதே பேச்சை நாளைக்கு இன்னொருவரிடமும் பேசுவார்கள்.

காரின் தகட்டின் மேல் நான்கு அடுக்குகள் உண்டு. முதலில் துருப்பிடிக்காமல் இருக்க மின்முறையில் முக்கி எடுக்கும் அடுக்கு, ஏறக்குறைய 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதன்மேல் பிரைமர் 30 முதல் 40. அடுத்தது நிறம் தரும் பேஸ் கோட், வெறும் 12 முதல் 20 மைக்ரான். கடைசியாகக் கிளியர் கோட் 35 முதல் 50. அலுமினியத் துகள்கள் இருப்பது அந்த மெல்லிய பேஸ் கோட்டில்தான். செதில் வடிவத் துகள்கள் அவை. தகட்டுக்கு இணையாகப் படுத்தால் வெளிச்சத்தை நேரே திருப்பி அனுப்பிப் பளிச்சென்று தெரியும். சாய்ந்தோ நிமிர்ந்தோ நின்றால் அந்த இடம் கருத்துத் தெரியும். திட்டு என்று நாம் பார்ப்பது, ஒரே பெயிண்டில் செதில்கள் இடத்துக்கு இடம் வேறுவேறு விதமாகப் படுத்திருப்பதைத்தான். வெளிர் சில்வர், இளம் சாம்பல், பெய்ஜ் நிறங்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும். துகள் இல்லாத சாதா வெள்ளையில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

செராமிக் கோட்டிங் என்பது கிளியர் கோட்டுக்கும் மேலே ஓரிரு மைக்ரான் அளவுக்குப் பூசும், நிறமே இல்லாத அடுக்கு. அதற்குமுன் செய்யும் கம்பவுண்டிங், பாலிஷ் எல்லாம் கிளியர் கோட்டை மட்டும்தான் தேய்க்கும். அடியில் உறைந்துவிட்ட செதிலை அது எப்படித் திருப்பிப் படுக்கவைக்கும்? கலங்கலாக எடுத்த போட்டோவுக்குக் கண்ணாடி போட்டால் படம் தெளிவாகிவிடாது. பளபளப்பு கூடியதில் திட்டு இப்போது முன்னைவிட நன்றாகத் தெரிகிறது, அவ்வளவுதான் நடந்தது. ரூ.32,000-க்கு.

அடுத்து, கதவு ஃபேக்டரியிலிருந்தே அப்படி வந்ததா என்ற கேள்வி. பெயிண்ட் தடிமன் பார்க்கும் கேஜ் வைத்துப் பார்த்தோம். கூரை 108 மைக்ரான், இடப்பக்கக் கதவுகள் 112, 118. அந்தக் கதவில் 236, 251. கீழ் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு 640. பொதுவாக ஃபேக்டரி பெயிண்ட் மொத்தமாக 90 முதல் 140 மைக்ரானுக்குள் இருக்கும். 230-க்கு மேல் என்றால் அந்தப் பேனல் மறுபடி அடிக்கப்பட்டிருக்கிறது. 640 என்றால் ஒடுங்கிய இடத்தில் பட்டி போட்டு நிரவியிருக்கிறார்கள். ஜன்னல் ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் மாஸ்கிங் டேப் ஒட்டிய கோடு விரல் நகத்தில் தட்டுகிறது. பீடிங்கின் உள்விளிம்பில் வெள்ளித் தூசி. லாரியிலிருந்து இறக்கும்போதோ யார்டில் (டீலர் புது வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம்) நகர்த்தும்போதோ இடித்து, ஒடுக்கு எடுத்து, பெயிண்ட் அடித்து, புதுசு என்று நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதை மறைத்ததுதான் பெரிய குற்றம். ஒடுக்கு எடுத்த வண்டி என்று வெளிப்படையாகச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

அடித்த வேலையாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. மெட்டாலிக் பேஸ் கோட் அடிக்க ஸ்பிரே கன்னைத் தகட்டிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியையாவது மூடும்படி போகவேண்டும். பாதிக்குக் குறைந்தாலோ, ஏர் கேப்பின் (கன்னின் முனை மூடி) துளை அடைத்து, விசிறிபோல வரும் பெயிண்ட் கோணலானாலோ, அக்கா காரில் இருப்பதுபோலப் பட்டை விழும். கிட்டே பிடித்து ஈரமாக ஊற்றினால், அல்லது ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே 5 முதல் 10 நிமிஷம் ஆறவிடாமல் அவசரப்பட்டால், செதில்கள் ஈரத்தில் நகர்ந்து கூட்டம் கூட்டமாக ஒதுங்கிவிடும். பெங்களூர் மழைக்குளிரில் மெதுவாகக் காயும் தின்னர் கலந்தாலும் இதே கதி. டப்பாவை அடிவரை கலக்காமல் எடுத்தால் துகள் அடியிலேயே தங்கிவிடும். கடைசியில் கன்னைத் தள்ளிப் பிடித்து, காற்றைக் குறைத்து, ஒரு லேசான தூவல் கோட் அடித்துச் செதில்களைச் சமன்படுத்தவேண்டும், பிறகுதான் கிளியர். பக்கத்துப் பேனல்களிலும் நிறத்தை இழுத்துக் கலந்துவிடவேண்டும். இதில் எதையும் அந்தக் கதவில் செய்ததாகத் தெரியவில்லை. போதாததற்கு, புதிதாக அடித்த கிளியர் முழுசாகக் காய வாரக்கணக்கில் விட்டுத்தான் மேலே எதையும் பூசவேண்டும். இவர்கள் டெலிவரி அவசரத்தில் கோட்டிங்கைப் பூசி மூடியிருக்கிறார்கள்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பம்பரும் ஃபெண்டரும் லேசாக வேறு ஷேடில் இருந்தால் அது ஏமாற்று என்று பாயவேண்டாம். பம்பர் பிளாஸ்டிக். பெரும்பாலும் தனியாக, குறைந்த சூட்டில், வேறு வகைப் பெயிண்டில் அடிக்கப்பட்டு வருகிறது. நேரே பார்த்தால் பொருந்தும், பக்கவாட்டில் பார்த்தால் மாறும். எவ்வளவு வித்தியாசம் சரி என்று அதில் வாதாட இடமுண்டு. ஒரே கதவுக்குள் திட்டு இருந்தால் வாதாட ஒன்றுமே இல்லை.

கேட்டதற்குக் கிடைத்த பதில்கள்: முதலில் "போட்டோ வாட்ஸாப் பண்ணுங்க" என்றார்கள். பிறகு "போட்டோவில ஒண்ணும் தெரியலையே மேடம்". பாடி ஷாப் மேனேஜர் லீவு. வெயிலில் நிறுத்திக் காட்டி "இப்ப நல்லாத்தானே இருக்கு?" உச்சிவெயிலில் துகள் மினுமினுத்துத் திட்டு மறையும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரூ.32,000-ஐத் திருப்பிக் கேட்டால் "அது வேற ஏஜென்சி, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். ஏஜென்சியைக் கேட்டால், "நாங்க கோட்டிங் போடறதுதான், பெயிண்ட் எங்களுக்குத் தெரியாது". இவை எல்லாவற்றையும் மிஞ்சியது ஒன்று: "கோட்டிங் போட்டுட்டீங்களே, இனிமே பெயிண்ட் க்ளெய்ம் கம்பெனி எடுக்காது." தாங்களே விற்ற கோட்டிங்கைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கிறார்கள்! அந்தத் தமிழ் பேசிய ஆள் இப்போது போனே எடுப்பதில்லை.

எடுக்கப்போகிறவர்களுக்கு அவசரமாக:

ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன், இன்வாய்ஸ் போடுவதற்கும் முன், யார்டிலேயே வண்டியைப் பாருங்கள். நம்பர் விழுந்தபின் வண்டியை மறுப்பது பெரும்பாடு.

காய்ந்த வண்டியை, திறந்த நிழலில், மூன்று மீட்டர் தள்ளி நின்று சுற்றி நடந்து பாருங்கள். பேஸ்மென்ட்டில் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேஜ் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது, டீட்டெயிலிங் (கார் பாலிஷ், கோட்டிங் வேலை) கடைக்காரரைக் கூட்டிப்போனாலும் சரி. பேனலுக்கு ஐந்தாறு இடம் வையுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண கேஜ் வேலை செய்யாது.

குறை தெரிந்தால் டெலிவரி நோட்டில் கையால் எழுதி, அவர்கள் சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டவே வேண்டாம். கோட்டிங்குக்கு அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிந்துவிட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. வண்டிக்குக் கொடுத்த விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்.

ரூ.32,000-ஐயும், கதவை முறையாக அடிக்கும் செலவையும், மறைத்து விற்றதற்கான இழப்பீட்டையும் கேட்டு டீலருக்கும் ஏஜென்சிக்கும் சேர்த்தே நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வந்தால் எழுதுகிறேன்.