மால்குடி டேஸ் மெட்டுக்கு பாஞ்சோ டாப் தேடின மூண்டரை வருசம்

இதை எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தன். பாஞ்சோ எண்ட கம்பி வாத்தியத்துக்கு டாப், அதாவது வாசிக்கிற குறிப்பு, நான் தேடத் தொடங்கேக்கை தமிழிலை ஒரு வரி கூடக் கிடைக்கேல்லை, இங்கிலீசிலை கிடைச்சதெல்லாம் அமெரிக்காவிலை பாஞ்சோப் பாட்டுகளோடையே வளந்த ஆக்களுக்கு எழுதினது, எங்கடை காதுக்கும் எங்கடை கடையளிலை கிடைக்கிற சாமானுக்கும் ஏத்த மாதிரி ஒருத்தரும் சொல்லி வைக்கேல்லை. இப்ப மெட்டு கையிலை வந்திட்டுது, அதாலை எழுதுறன்.

பாஞ்சோ எனக்கு வந்தது 2022 தைப்பொங்கலுக்கு. ரொறன்ரோவிலை இருந்து வந்த சித்தப்பா கொண்டந்தவர். ஐஞ்சு கம்பி, பின்பக்கம் மூடியில்லாதது. அவர் அங்கை ஆசைக்கு வாங்கி கொஞ்சக்காலம் வாசிச்சவர், பிறகு விரல் மூட்டு நோவாலை ஏலாமல் போட்டுது, "மோனை, இது சும்மா அலுமாரிக்கு மேலை கிடக்கிறதிலும் பாக்க நீ வைச்சிரு" எண்டு தந்திட்டுப் போனார். அது கழிய ரெண்டு மாசத்திலை நாடு முழுக்க கரண்ட் வெட்டு, பங்குனிக் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, போனிலை சார்ஜ் இல்லை, ஃபான் இல்லை, விறாந்தையிலை பாஞ்சோவோடை இருந்ததுதான் எனக்கு அந்த நேரம் ஆறுதல்.

எனக்கு ஒரே ஒரு மெட்டுத்தான் வேணுமெண்டு இருந்தது. மால்குடி டேஸ் எண்ட ஹிந்தி ரீவி நாடகத்தின்ரை தொடக்க மெட்டு. எண்பதுகளின்ரை கடைசியிலை யாழ்ப்பாணத்திலை இருந்த ஆக்களுக்குத் தெரியும், கூரைக்கு மேலை உயரமா அன்ரெனா கட்டி வைச்சால் இந்தியாவின்ரை தூரதர்ஷன் கடலைத் தாண்டி இழுபடும், காத்தடிச்சால் படம் புள்ளியாப் போகும், ஒருத்தர் வெளியிலை நிண்டு கம்பத்தைத் திருப்ப உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆ நிப்பாட்டு" எண்டு கத்துவினம். நாங்கள் பாத்தது பக்கத்து வீட்டிலை, கறுப்பு வெள்ளை ரீவி. ஹிந்தி ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் ஆர்.கே. லக்ஷ்மணின்ரை கோட்டுப் படங்கள் வர, அந்த 'தா-ன-ன, தனன-ன-னா' குரல் தொடங்கினால் முத்தத்திலை விளையாடிக்கொண்டிருந்த பெடியள் எல்லாரும் உள்ளுக்கை ஓடி வந்திடுவம். பிறகு 90இலை சண்டையோடை கரண்ட் முழுக்க நிண்டு போச்சு, சைக்கிள் டைனமோவைச் சுத்தி கசெற் கேட்ட காலம், ரீவி எண்ட கதையே இல்லை, அப்பவும் அந்த மெட்டை வாயாலை பாடிக்கொண்டு திரிஞ்சனாங்கள். அதாலை வாத்தியம் கையிலை வந்த உடனை மனசிலை வந்ததும் அதுதான்.

முதல் ரெண்டு மாசமும் தேடின தேட்டத்திலை கிடைச்சது வேறை வாத்தியம்! யூரியூப்பிலை இந்திய மெட்டையும் பாஞ்சோ எண்ட சொல்லையும் சேத்துப் போட்டுத் தேடினால் வாறது தட்டச்சு மெசின் மாதிரிக் கட்டை அமத்தி வாசிக்கிற பெட்டி. அதின்ரை பேர் புல்புல் தரங். ஜப்பானிலை 1912இலை செய்த தைஷோகோட்டோ எண்ட வாத்தியத்திலை இருந்து வந்தது, இந்தியாவிலை கன இடத்திலை அதைத்தான் பாஞ்சோ எண்டு சொல்லுவினம், மும்பாய்ப் பக்கத்து ஊர்வலங்களிலை வாசிக்கிற 'பாஞ்சோ பார்ட்டி'யும் அதுதான். நல்ல வாத்தியம், நல்லா வாசிக்கினம், ஆனால் அந்தக் குறிப்பை வைச்சு எங்கடை கையாலை ஒண்டும் செய்யேலாது. இது தெரியாமல் எத்தினை இரவு போனது எண்டு எனக்குத்தான் தெரியும். ஆகவே தேடேக்கை 'ஐஞ்சு கம்பி' எண்டதை இங்கிலீசிலை சேத்துப் போடுங்கோ, அந்த ஒரு சொல்லே முக்கால்வாசிக் குப்பையைக் கழிச்சுப் போடும்.

டாப் எண்டால் என்ன எண்டு தெரியாத ஆக்களுக்கு: டாப்லேச்சர், ஐஞ்சு கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு கம்பி, கோட்டிலை இருக்கிற இலக்கம் பாஞ்சோக் கழுத்திலை எந்தக் கட்டத்திலை (ஃபிரெற்) விரலை வைக்கிறது எண்டு, 0 எண்டால் விரல் வைக்காமல் சும்மா மீட்டுறது. ஒரு விசயம் ஆரம்பத்திலை என்னைச் சரியாக் குழப்பினது, தாளிலை மேல் கோடு முதலாம் கம்பி, ஆனால் மடியிலை வைச்சுப் பாத்தால் அந்தக் கம்பிதான் கீழை நிலத்துப் பக்கம் இருக்கும். தாளையும் வாத்தியத்தையும் தலைகீழாப் பாக்கப் பழகோணும், அதுக்கு ஒரு கிழமை காணும்.

வாசிக்கப் பழகினது மால்குடியிலை இல்லை, இன்னொரு ரீவி மெட்டிலை. 1962இலை இருந்து 1971 வரைக்கும் அமெரிக்காவிலை ஓடின 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்' நாடகத்தின்ரை தொடக்கப் பாட்டு. போல் ஹென்னிங் எழுதினது, பாஞ்சோ வாசிச்சது ஏர்ல் ஸ்க்ரக்ஸ். அவரும் லெஸ்ரர் ஃபிளாட்டும் தனியா வெளியிட்ட பதிவு 1963 தை மாசம் அங்கத்தைக் கன்ட்ரி பாட்டு வரிசையிலை முதலாம் இடத்துக்கு வந்தது. அந்த நாடகத்தை நான் ஒரு நாளும் பாக்கேல்லை. ஆனால் ரீவி மெட்டு பாஞ்சோ டாப் எண்டு தேடினால் முதலிலை வாறது அது, சும்மா கிடைக்குது, கனபேர் எழுதி வைச்சிருக்கினம், ஒண்டைப் பிழை எண்டு கண்டால் மற்றதோடை ஒப்பிட்டுத் திருத்தலாம். பழகிற ஆக்கள் தங்கடை ஆசைப் பாட்டிலை தொடங்காமல் இப்பிடி நாலு ஐஞ்சு டாப் இருக்கிற ஒரு பாட்டிலை தொடங்குங்கோ, இது நான் மனசாரச் சொல்லுறது.

ஸ்க்ரக்ஸின்ரை முறை பெருவிரல், சுட்டு விரல், நடுவிரல் மூண்டாலையும் உருட்டி மீட்டுறது, அதை ரோல் எண்டுவினம். புத்தகங்களிலை எட்டுச் சுரம், அதை மூண்டு மூண்டு ரெண்டாப் பிரி எண்டு இருக்கும், எனக்கு அது விளங்கவே இல்லை, கை கட்டிப்போட்ட மாதிரி நிண்டுது. ஒரு நாள் நல்லூரிலை மேளச்சமா கேட்டுக்கொண்டு நிக்கேக்கை சட்டெண்டு பிடிபட்டுது, அது 'தகிட தகிட தக'. அவ்வளவுதான்! வீட்டை வந்து வாயாலை தகிட தகிட தக எண்டு சொல்லிக்கொண்டு விரலை ஓட்டினன், அண்டிரவே ஓடத் தொடங்கீட்டுது. மற்ற ரோல், பெருவிரல் ஒண்டு விட்டு ஒண்டு வாறது, அது தகதிமி தகதிமி. எங்கடை பிள்ளையளுக்குப் பாஞ்சோ படிப்பிக்கிறதெண்டால் இந்தச் சொல்லுகளிலைதான் தொடங்கோணும்.

இனி மால்குடிக்குக் கிடைச்ச டாப் நிலவரம். ஒண்டு நாலு கோட்டிலை இருந்தது, அது நாலு கம்பி ரெனர் பாஞ்சோவுக்கு, அதின்ரை சுருதியே வேறை, எங்கடை வாத்தியத்திலை அப்பிடியே வாசிச்சால் மெட்டு வராது. இன்னொண்டு கிற்றார் டாப். இன்னொண்டிலை கோர்ட், அதாவது சேத்து மீட்டுற சுரக் கூட்டம் மட்டும், மெட்டு இல்லை. பாட்டைப் போட்டால் தானாக் குறிப்பு எடுத்துத் தாற ஆப் ஒண்டும் பாத்தனான், கோர்ட் ஓரளவு சரி, குரலின்ரை வளைவு வாற இடமெல்லாம் பிழை. கடைசியா காசு குடுத்து எழுதுவிச்சனான், வெளிநாட்டிலை ஒருத்தர், 15 டொலர், அத்தான்ரை கார்ட்டிலை கட்டினது. வந்த தாளிலை வேறை சுருதி, எந்தக் கம்பியை எந்த விரலாலை மீட்டுறது எண்ட குறியும் இல்லை, தாளமும் ரெண்டு இடத்திலை இடறுது. திருப்பிக் கேட்டதுக்குப் பதில் வரேல்லை. 15 டொலர் அந்த நேரம் எங்களுக்குச் சின்னக் காசில்லை. அதுக்குப் பிறகு எந்த டாப்பைக் கண்டாலும் முதல் பாக்கிறது மேலை சுருதி எழுதியிருக்கோ எண்டு, ரெண்டாவது கீழை விரல் குறி இருக்கோ எண்டு, ரெண்டும் இல்லாட்டி அடுத்ததுக்குப் போறது.

போனிலை பாக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. எழுத்தாலை கோடு போட்ட டாப் போன் திரையிலை வரி மடிஞ்சு இலக்கமெல்லாம் இடம் மாறிப் போகும், டாப் பிழையெண்டு நினைப்பியள், பிழை திரையிலைதான். போனைப் படுக்கையாப் பிடியுங்கோ, இல்லாட்டி கொம்பியூட்டரிலை எல்லா எழுத்தும் ஒரே அகலமா வாற எழுத்துருவிலை போட்டு பிரின்ட் எடுங்கோ. டாப்லெடிட் எண்ட டாப் எழுதுற சொஃப்ட்வெயாரின்ரை கோப்புகள் கிடைச்சால் இன்னும் நல்லது, அதைத் திறந்து பாக்கிற ஆப் சும்மா கிடைக்குது, வேகத்தைக் குறைச்சு வாசிச்சும் காட்டும்.

உண்மையா மெட்டு கைக்கு வந்தது எங்கடை ஒழுங்கையிலை வயலின் படிப்பிக்கிற அக்காவாலை. கையிலை இருந்த தாளெல்லாத்தையும் கொண்டுபோய்க் காட்டினன். அவ அதை ஒரு பக்கம் வைச்சிட்டு "நீர் முதல்லை பாடும் பாப்பம்" எண்டா. பாடினன். அவ அப்பிடியே சுரம் சொல்லச் சொல்ல நான் எழுதினன். பிறகு பாஞ்சோவின்ரை கம்பியளை ஒவ்வொண்டா மீட்டச் சொல்லிக் கேட்டிட்டு "இது ஸ க ப எல்லோ" எண்டா. மூண்டு வருசத்திலை நான் கேட்ட ஆகப் பெரிய விசயம் இதுதான். பாஞ்சோவின்ரை வழமையான சுருதி, ஐஞ்சாம் கம்பியிலை இருந்து, ஜி-டி-ஜி-பி-டி. ஜியை ஸ எண்டு வைச்சால் மூண்டாம் கம்பி ஸ, ரெண்டாம் கம்பி அந்தர காந்தாரம், முதலாம் கம்பி ப, நாலாம் கம்பி கீழ் ப, பெருவிரலுக்குப் பக்கத்திலை இருக்கிற ஐஞ்சாம் கம்பி, நீளம் குறைஞ்ச கட்டைக் கம்பி, மேல் ஸ. விரல் வைக்காமல் மீட்டினாலே சுருதிப் பெட்டி மாதிரி நிக்குது. மூண்டாம் கம்பியிலை ரெண்டாம் கட்டம் சதுஸ்ருதி ரி, ரெண்டாம் கம்பியிலை முதலாம் கட்டம் சுத்த ம, முதலாம் கம்பியிலை ரெண்டாம் கட்டம் சதுஸ்ருதி த, நாலாம் கட்டம் காகலி நி, ஐஞ்சாம் கட்டம் மேல் ஸ. இதை ஒரு அட்டையிலை எழுதிச் சுவரிலை ஒட்டினன். சுரம் தெரிஞ்ச எந்தப் பாட்டுக்கும் இனி டாப் தேடத் தேவையில்லை, நானே எழுதுவன்.

அந்தக் கட்டைக் கம்பியைப் பற்றி ஒரு சொல். மேற்கு ஆபிரிக்காவிலை அகொன்ரிங் எண்ட வாத்தியம் இருக்கு, சுரைக்குடுவையிலை தோல் போத்தது, அதிலையும் பெருவிரலுக்கு ஒரு கட்டைக் கம்பி. அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமையாக் கொண்டுபோன சனம் தங்கடை கைப்பழக்கத்தையும் கொண்டுபோய் அங்கை செய்த வாத்தியத்திலை இருந்துதான் பாஞ்சோ வந்தது. எங்கடை தம்புராச் சுருதி மாதிரி விடாமல் ஒலிக்கிற அந்த ஒரு கம்பிதான் இந்த மெட்டுக்கு உயிர்.

அக்கா அண்டைக்கு இன்னொண்டும் சொன்னவ. மால்குடி மெட்டைப் போட்டது எல். வைத்தியநாதன், வயலின்காரர் எல். சுப்பிரமணியத்தின்ரையும் எல். சங்கரின்ரையும் அண்ணர். அவையின்ரை அப்பா லட்சுமிநாராயண ஐயர் யாழ்ப்பாணத்திலை வயலின் படிப்பிச்சவர், குடும்பம் இஞ்சைதான் இருந்தது, 1958 கலவரத்துக்குப் பிறகுதான் இந்தியாவுக்குத் திரும்பினவை. நான் அதைக் கேட்டுப்போட்டு கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. கடலுக்கு அங்காலை இருந்து அன்ரெனாவிலை இழுத்துக் கேட்ட மெட்டு, அதைப் போட்ட மனிசன்ரை வீடு ஒரு காலம் இந்த ஊரிலை இருந்திருக்கு.

வாசிக்கிறதிலை கஷ்டம் எதிலை எண்டால் நீட்டிப் பாடுற இடங்களிலை. குரல் நிண்டு நீளும், பாஞ்சோ ஒலி மீட்டின கையோடை செத்துப் போகும். அந்த இடத்தை ரோலாலை நிரப்போணும், மெட்டுச் சுரம் பெருவிரலிலை விழ, மற்ற ரெண்டு விரலும் தகிட தகிட எண்டு சுத்தோணும், ஆனால் நிரப்பல் மெட்டை மூடக்கூடாது. முதல் எழுதின தாளிலை எல்லா இடத்தையும் நிரப்பிப் போட்டன், கேக்க மழை பெய்யிற மாதிரி இருந்தது, மெட்டைக் காணேல்லை. இப்ப பாதியை அழிச்சிட்டன். குழைவு வாற இடத்துக்கு ஒரு கட்டத்திலை இருந்து அடுத்த கட்டத்துக்கு விரலை இழுக்கிறது, முழுக் கமகம் வராது, ஆனால் காது ஏத்துக்கொள்ளும். யூரியூப்பிலை வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி மாறாது, இந்த இழுப்பெல்லாம் அப்பிடிக் கேட்டுத்தான் எடுத்தது. முடிஞ்ச வடிவத்தை மியூஸ்ஸ்கோரிலை போட்டு வைச்சிருக்கிறன், சும்மா கிடைக்கிற சொஃப்ட்வெயார், ஐஞ்சு கம்பி பாஞ்சோ டாப் அதிலை எழுதலாம்.

கம்பி விசயம். யாழ்ப்பாணத்திலை நான் கேட்ட கடையளிலை பாஞ்சோ கம்பி இல்லை. கிற்றார் கம்பி வாங்குறனான், முதலாம் கம்பியிலை இருந்து தடிப்பு இலக்கம் 10, 11, 13, சுத்துக் கம்பி 20, ஐஞ்சாவதுக்குத் திரும்பவும் 10. கிற்றார் கம்பியின்ரை நுனியிலை இருக்கிற குண்டைக் குறட்டாலை மெதுவா நசிச்சு எடுத்தால் வளையம் மிஞ்சும், அது பாஞ்சோக் கொழுவியிலை மாட்டும். உப்புக் காத்து, கம்பி கெதியாத் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிய துணியாலை துடைச்சு வைச்சால் ரெண்டு மாசம் கூட நிக்கும். மாரியிலை மிருதங்கத் தோல் மாதிரி இது தளராது, இப்பத்தைப் பாஞ்சோவின்ரை முகம் பிளாஸ்ரிக், அது ஒரு நிம்மதி.

போன மாசம் முழுசா வாசிச்சுப் பழகிப்போட்டு சித்தப்பாக்கு வட்ஸ்அப்பிலை எடுத்தன். அங்கை விடியக்காலமை, அவர் போனைக் காதோடை வைச்சிருந்தபடியாத் திரையிலை காதும் நரை முடியும்தான் தெரிஞ்சது. வாசிச்சு முடிய ஒண்டும் சொல்லேல்லை, லைன் விட்டுப் போச்சாக்கும் எண்டு நினைச்சன். பிறகு "இன்னொருக்கா வாசி மோனை" எண்டார். கட்டைக் கம்பி கொஞ்சம் இறங்கியிருந்தது, சுருதி சேத்துப்போட்டு இன்னொருக்கா வாசிச்சன்.