வரிசையை வெட்டுவதா, கட்டத்தை நிரப்புவதா?

தங்கச்சிமடத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஆய்வேட்டுக்காக இலங்கைத் தாக்குதல்களின் தரவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது -9 என்ற எண். மேரிலாந்து பல்கலைக்கழகம் சார்ந்த உலகளாவிய பயங்கரவாதத் தரவுத்தளத்தில் ஒரு வரிசை என்பது ஒரு தாக்குதல், ஒரு பத்தி (மேலிருந்து கீழாக ஓடுவது) என்பது ஒரு விவரம். பல பத்திகளில் -9 என்றால் ‘தெரியவில்லை’. கவனிக்காமல் கூட்டல் போட்டால் கணக்கு குப்பைதான். இறந்தவர், காயமடைந்தவர் எண்ணிக்கை பல இடங்களில் வெறும் காலிக் கட்டம். செய்த குழுவின் பெயருக்கான இடத்திலும் ‘தெரியவில்லை’ என்ற சொல் அடிக்கடி வருகிறது.

இதற்கு இரண்டு வழி உண்டு. காலிக் கட்டம் உள்ள வரிசையை மொத்தமாக நீக்கிவிடலாம். புள்ளியியல் மென்பொருள்கள் பலவும் நம்மைக் கேட்காமலே இதைத்தான் செய்கின்றன. அல்லது தெரிந்த விவரங்களை வைத்துப் பல முறை நிரப்பிப் பார்க்கலாம். டொனால்டு ரூபின் 1970களில் முன்வைத்த முறை இது. நான் இரண்டாவதற்குப் போனேன்.

சராசரியைப் போடுவது, சைபர் போடுவது இரண்டையும் போட்டியிலேயே சேர்க்கவில்லை. சைபர் ஏன் கூடாது என்று புரியவைத்தவர் பாம்பனில் ஏலக் கணக்கு எழுதும் ஒரு பெரியவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த நாள்களில் விசைப்படகு மீன் சைபர் என்றால் அது நிஜமான சைபர். வேறொரு நாளின் பக்கம் காலியாக இருந்ததைக் காட்டிக் கேட்டேன். “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் தம்பி. எழுதலைன்னா மீன் வரலைன்னு அர்த்தமா?”

சரி, நீக்கும் வழியில் வேலை சீக்கிரம் முடியும், யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள். காலிக் கட்டங்கள் குலுக்கல் சீட்டு போல விழுந்திருந்தால் முடிவு ஒரு பக்கம் சாயாது, துல்லியம் மட்டும் குறையும். ஆனால் சேதாரம் மளமளவென்று ஏறும். ஐந்து பத்திகளில் தலா 10 சதவீதம், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் காலி என்று வையுங்கள். 41 சதவீத வரிசைகள் போய்விடும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எந்த வரிசைகள் வெட்டுப்படும் என்று யோசித்தபோதுதான் மனம் மாறியது. இந்தத் தரவு செய்திகளிலிருந்து தொகுக்கப்படுவது. கொழும்பில் 1996 ஜனவரி 31 மத்திய வங்கித் தாக்குதல் போன்ற ஒன்றுக்கு விவரம் கொட்டிக் கிடக்கும். வன்னியின் ஏதோ ஒரு கிராமத்தில் நடந்ததற்கு? போர்க்காலத்தில் நிருபர்கள் போவதே பெரும்பாடு, தணிக்கை வேறு. செய்தி போகாத இடத்தில்தான் கட்டம் காலியாகும். வரிசையை நீக்கினால் வடக்கும் கிழக்கும் கரைந்து கொழும்பு தங்கிவிடும். மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பக்கத்தை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு ‘இலங்கை’ என்று தலைப்புக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நிரப்பும்போது மாகாணம், ஆண்டு, ஆயுதம், இலக்கு ஆகியவற்றில் ஒத்த நிகழ்வுகளைத் தேடி, அவற்றில் குலுக்கலில் விழும் ஒன்றின் நிஜ எண்ணைக் கடன் வாங்கினேன். அதனால் இறந்தவர் 2.7 பேர் என்பது போன்ற அபத்தம் வராது. ஒரே தடவை நிரப்பினால் ஊகம் உண்மை போல உட்கார்ந்துவிடும். ஆகவே 20 தடவை நிரப்பி, 20 கோப்புகளிலும் ஆய்வை ஓட்டி, விடைகளைச் சராசரியாக்க வேண்டும். கோப்புக்குக் கோப்பு விடை எவ்வளவு ஆடுகிறதோ அதையும் பிழைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மடிக்கணினி ராத்திரி முழுக்க ஓடியது. நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து.

இந்த முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. கட்டம் ஏன் காலி என்பதை மற்ற பத்திகள் விளக்க வேண்டும். சாவு அதிகம் என்பதாலேயே எண்ணிக்கை மறைக்கப்பட்டிருந்தால் நிரப்பிய எண் குறைவாகத்தான் வரும். ஏற்கெனவே, செய்திகள் முரண்பட்டுப் பெரும்பான்மை எண்ணும் இல்லையென்றால் குறைந்ததைப் பதிவதுதான் இந்தத் தரவுத்தளத்தின் பொது வழக்கம். நிரப்பிய எண்களை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு ஆக்கியும் ஓட்டிப் பார்த்தேன். அது போதுமா என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது.

குழுவின் பெயரை மட்டும் நிரப்பவில்லை. எண்ணை ஊகிக்கலாம், பழியை யார் தலையில் போடுவது என்று மென்பொருளிடம் விடக் கூடாது. ‘தெரியவில்லை’ என்பதைத் தனி வகையாகவே வைத்துக்கொண்டேன்.

அப்புறம், எந்த வழிக்கும் அடங்காத 1993. ஆரம்பத்தில் தரவைத் தொகுத்த பிங்கர்டன் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம் அலுவலகம் மாற்றியபோது அந்த ஆண்டின் பதிவுகள் தொலைந்துவிட்டன. மே 1 அன்று அதிபர் பிரேமதாசா கொல்லப்பட்டதுகூட முதன்மைக் கோப்பில் கிடையாது. காலிக் கட்டத்தை நிரப்பலாம், இல்லாத வரிசையை எதை வைத்து நிரப்புவது? வரைபடத்தில் அந்த ஆண்டுக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டை போட்டு விட்டுவிட்டேன். அச்செடுத்துக் கொடுத்தபோது வழிகாட்டி ஐயா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “மை வழிஞ்சிருக்கா?” என்றார்.