தமிழில் ஒரு தனிம வரிசை அட்டவணைச் சுவர்ப்படம்: மூன்று மாதம் பயன்படுத்திய பின்

மாலை வேளைகளில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வீட்டில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடநூலில் இருக்கும் சிறிய அட்டவணையைப் பத்துப் பேர் குனிந்து பார்த்துத் தடுமாறுவதைக் கண்டு, தமிழில் அச்சிட்ட சுவர்ப்படம் ஒன்றை 420 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறத்தாழ நான்கடி அகலம், மூன்றடி உயரம். லேமினேட் செய்து, மேலும் கீழும் குச்சி கோத்தது.

2016ஆம் ஆண்டில் பெயர் பெற்ற நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஒகனெசான் உட்பட 118 தனிமங்களும் இதில் உள்ளன. வழக்கமான படங்கள் அணு எண், குறியீடு, அணு நிறை ஆகியவற்றோடு நின்றுவிடும். இந்தப் படத்தில் பெரும்பாலான கட்டங்களில் முதல் அயனியாக்கும் ஆற்றலையும் (அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்கத் தேவையான ஆற்றல்) அச்சிட்டு, அணுவின் பருமனை அளவுக்கேற்ற ஒரு வட்டமாகவும் வரைந்திருக்கிறார்கள். அந்த வட்டங்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் தொகுதியில் லித்தியத்தின் 152 பிக்கோமீட்டர் ஆரத்தில் தொடங்கி, சோடியம் 186, பொட்டாசியம் 227, ருபீடியம் 248, சீசியம் 265 என வட்டம் கீழே போகப் போகப் பெருக்கிறது. அருகிலேயே அயனியாக்கும் ஆற்றல் 520, 496, 419, 403, 376 கிலோஜூல்/மோல் என இறங்குகிறது. வெளிக்கூட்டு எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து விலகிச் செல்வதையும், உள்கூட்டு எலக்ட்ரான்களின் திரைமறைப்பால் அதன் மீதான பிடி தளர்வதையும் ஒரே பார்வையில் காட்ட முடிகிறது. நீரில் சோடியத்தைவிடப் பொட்டாசியம் ஏன் சீற்றத்துடன் வினைபுரிகிறது என்பதற்கு இனி மனப்பாடம் தேவைப்படவில்லை.

இதைவிட என்னை மகிழ்வித்தது நான்காம் தொகுதி. டைட்டானியத்திலிருந்து சிர்கோனியத்துக்கு வரும்போது பெருக்கும் வட்டம், அடுத்த ஹாஃப்னியத்தில் அப்படியே நின்றுவிடுகிறது; சிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159. அச்சுப் பிழையோ என்று மாணவர்கள் கேட்டார்கள். இடையில் பதினான்கு லாந்தனைடுகள் (வழக்கமாக அட்டவணையின் அடியில் தனி வரிசையாக நிற்கும் தனிமங்கள்) வந்துபோகின்றன. அவற்றில் நிரம்பும் 4f எலக்ட்ரான்கள் அணுக்கருவின் கவர்ச்சியைச் சரியாக மறைப்பதில்லை. ஆகவே ஒரு கூடு கூடியும் அணு பெருக்கவில்லை. இந்த ஒற்றுமையால்தான் ஹாஃப்னியம் சிர்கோனியத் தாதுக்களுக்குள் நெடுங்காலம் ஒளிந்திருந்து, 1923இல் கோபன்ஹேகனில் காஸ்டர், ஹெவெசி ஆகியோரின் கண்ணில் பட்டது. இத்தனையையும் இரண்டு வட்டங்களை வைத்தே விளக்க முடிந்தது.

குறைக்கு வருகிறேன். அட்டவணையின் மேல்விளிம்பில் இடமிருந்து வலமாகத் தடித்த சிவப்பு அம்புக்குறி போட்டு, "அயனியாக்கும் ஆற்றல் அதிகரிக்கும்" என்று எழுதியிருக்கிறார்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டாம் வரிசையில் விரலை வைத்து எண்களைப் படித்துக்கொண்டே வந்தாள்: 520, 899, 801. போரானில் விரல் நின்றது. "டீச்சர், அம்பு ஏறுதுன்னு சொல்லுது, நம்பர் இறங்குதே?" என்றாள். தொடர்ந்து படித்தால் நைட்ரஜன் 1402, ஆக்சிஜன் 1314 என்று மீண்டும் ஓர் இறக்கம். பெரிலியத்தில் 2s ஆர்பிட்டால் (கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் பகுதி) நிரம்பியிருக்கிறது; போரானில் நீங்கும் எலக்ட்ரானோ ஆற்றல் மிகுந்த 2p ஆர்பிட்டாலில் இருப்பதால் எளிதில் விடுபடுகிறது. நைட்ரஜனில் மூன்று p எலக்ட்ரான்களும் தனித்தனியே அமர்ந்திருக்க, ஆக்சிஜனில் நான்காவது எலக்ட்ரான் இன்னொன்றோடு இணைசேர வேண்டியிருக்கிறது. இணைசேர்ந்த இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் ஓர் எலக்ட்ரானை நீக்குவது சற்று எளிதாகிறது. எலக்ட்ரான் அமைப்பு எப்படி நிரம்புகிறது என்பதையே இந்த இரு இறக்கங்களும் வெளிக்காட்டுகின்றன; அவற்றை ஓர் அம்புக்குறியால் மூடிமறைப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். எண்களை அச்சிடும் அக்கறை இருந்தவர்கள் "பொதுவாக" என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருக்கலாம்.

ஹைட்ரஜனுக்குக் கார உலோகங்களின் நிறத்தையே கொடுத்திருப்பதும் தவறு. அதற்கென்று தனி நிறம் வேண்டும். சில அணுக்களே உருவாக்கப்பட்டுள்ள ஒகனெசானை உறுதியாக வாயு என்று குறித்திருக்கிறார்கள். லேமினேஷன் பளபளப்பு டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசச் செய்கிறது. படத்தைப் பக்கச் சுவருக்கு மாற்றிய பிறகே கடைசி இருக்கையிலிருந்து படிக்க முடிந்தது.

அடிப்பகுதியில் வரலாற்றுக்கு ஒதுக்கிய பட்டை சிறியது, ஆனால் அருமையானது. 1869இல் அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அடுக்கிய மெண்டலீவ், சிலிக்கானுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்று பின்னர் கணித்ததையும், 1886இல் விங்க்ளர் கண்டறிந்த ஜெர்மானியத்தின் இன்றைய மதிப்புகள் 72.63, 5.32 என்பதையும் எதிரெதிரே அச்சிட்டிருக்கிறார்கள். டெல்லூரியம் 127.60, அயோடின் 126.90 என அணு நிறை தலைகீழாக இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, மோஸ்லி 1913இல் அணு எண்ணைக் கொண்டு அந்த வரிசை சரியென்று காட்டியதைக் குறிப்பிட்டிருப்பதற்குத் தனியாகவே பாராட்ட வேண்டும்.

பத்தாம் வகுப்பு வரை படிப்போருக்கு இது அளவுக்கு மிஞ்சியது. எலக்ட்ரான் அமைப்பு படிக்கத் தொடங்கியவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாங்குவோர் மடித்து அனுப்பும் பதிப்பைத் தவிர்த்து, சுருட்டிக் குழாயில் வைத்து அனுப்புவதைக் கேட்டு வாங்குங்கள். மடிப்புக் கோடு விழுந்தால் கட்டங்களில் உள்ள சிறிய எண்கள்தாம் முதலில் உரிந்துபோகும். என் வீட்டுப் படத்தில் சிவப்பு அம்புக்குறியின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 801, 1314 என்ற இரு எண்களையும் மார்க்கரால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.