எம்.பி. என்ன செய்கிறார் என்று பார்க்க ஒரு தளம்: பி.ஆர்.எஸ். 'எம்.பி. டிராக்' எப்படி இருக்கிறது?

முதலிலேயே மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. காசு கேட்பதில்லை, விளம்பரம் கிடையாது, செல்போன் எண்ணைக் கொடு என்று நச்சரிப்பதும் இல்லை. அப்படிப்பட்ட தளத்துக்கு ஒன்றரையைக் குறைப்பது கொஞ்சம் கறாராகத் தெரியலாம். கணக்குப் பிள்ளை புத்தி, விட மாட்டேன் என்கிறது.

பி.ஆர்.எஸ். என்றதும் தெலங்கானா கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். இது டெல்லியில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேடிவ் ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம். நாடாளுமன்றத்துக்கு வரும் மசோதாக்களைப் பிரித்துப் படித்து எளிய ஆங்கிலத்தில் சுருக்கம் போடுவது இவர்களின் முக்கிய வேலை. அதோடு ஒவ்வொரு எம்.பி.க்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள், அதுதான் எம்.பி. டிராக். வருகை, கலந்துகொண்ட விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள் (அமைச்சராக இல்லாத எம்.பி. தன் பெயரில் கொண்டுவருபவை). ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே தேசிய சராசரியும் மாநில சராசரியும் இருக்கும். மொத்தப் பட்டியலையும் எக்ஸெல்லாக இறக்கிக்கொள்ளலாம். என்னைப் போன்ற ஆளுக்கு இது ஒன்றே போதும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நூல் விலை ஏறினாலும் இறங்கினாலும் முதலில் தலைவலி எங்கள் மேசைக்குத்தான். தேர்தல் முடிந்த புதிதில் டீ நேரத்தில் பேச்சு போய்க்கொண்டிருந்தபோது கட்டிங் மாஸ்டர் அண்ணா கேட்டார்: "அதெல்லாம் சரிங்க, நம்ம நூலு வெலைக்கு அங்க யாரு வாயத் தொறந்தாங்க?" நல்ல கேள்வி. பதில் சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் இந்தத் தளத்தை ஒழுங்காகப் பயன்படுத்த ஆரம்பித்தேன்.

முதல் சிக்கல் எங்கள் ஊரின் வரைபடத்திலேயே இருக்கிறது. திருப்பூர் மக்களவைத் தொகுதியில் திருப்பூர் வடக்கும் தெற்கும் மட்டும்தான் எங்கள் மாவட்டம். மற்ற நான்கும், அதாவது பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி எல்லாம் ஈரோட்டுப் பக்கம். அவிநாசிக்காரர் ஓட்டுப் போடுவது நீலகிரிக்கு. பல்லடம் கோவைக்குப் போகிறது. காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டுக்கு, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சிக்கு. ஒரே மாவட்டத்துத் தறிக்கும் நிட்டிங் மெஷினுக்கும் ஐந்து எம்.பி.க்கள். அதனால் "நம்ம எம்.பி. என்ன கேட்டார்" என்று ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. ஐந்து பக்கங்களையும் திறந்து, ஜவுளி அமைச்சகம், நிதி, வணிகம், சிறு குறு தொழில் என்று தேட வேண்டும். கேள்விகளைத் தலைப்பு வாரியாக எல்லா எம்.பி.க்களிடமிருந்தும் ஒரே இடத்தில் திரட்டித் தரும் வசதி எம்.பி. டிராக்கில் எனக்குத் தட்டுப்படவில்லை. அதற்கு சன்சத் டாட் இன் என்ற நாடாளுமன்றத் தளத்துக்கே போக வேண்டும். அரை மதிப்பெண் இங்கே போயிற்று.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "இவர் வருகை பூஜ்யம், கேட்ட கேள்வி பூஜ்யம்" என்று ஒரு படம் சுற்றும்போது அவர் அமைச்சரா என்று முதலில் பாருங்கள். அமைச்சர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர்கள் வேலை, கேட்பதில்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கும் கையெழுத்துக் கட்டாயம் கிடையாது. பி.ஆர்.எஸ். இதையெல்லாம் குறிப்பாகவே போட்டிருக்கிறது. படம் செய்து பரப்புகிறவர்கள்தான் குறிப்பை வெட்டிவிடுகிறார்கள். மற்றவர்களின் வருகையும் அன்றைக்கு வந்தார் என்று மட்டும் சொல்லும். காலையில் வந்து பதிந்துவிட்டு அரை மணியில் கிளம்பினாலும் அது ஒரு நாள்தான்.

கேள்விகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழியாகப் பதில் சொல்ல 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. அதற்கு மேல் வரும் நோட்டீஸ்களைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. போதாததற்கு, ஒரே விஷயத்தைப் பல எம்.பி.க்கள் கேட்டிருந்தால் எல்லாக் கேள்விகளையும் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பதிலின் தலையில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்று ஏறிவிடும். 'முந்நூறு கேள்வி கேட்ட எங்கள் சிங்கம்' என்று பேனர் வைப்பதற்கு முன்னால் அந்தக் கேள்விகளைத் திறந்து பார்ப்பது நல்லது.

திறந்து பார்த்தால் என்ன கிடைக்கும்? நான் அதிகம் படிப்பது ஜவுளி அமைச்சகத்தின் பதில்களை. எல்லாம் ஒரே அச்சு. மேலே கேள்வி எண், தேதி, தலைப்பு. கீழே அ, ஆ, இ, ஈ என்று பிரித்த கேள்வி: இந்த விஷயம் அரசின் கவனத்துக்கு வந்துள்ளதா, வந்திருந்தால் அதன் விவரம், இல்லையென்றால் காரணம் என்ன, அரசு எடுத்துள்ள நடவடிக்கை என்ன. பதில் பெரும்பாலும் "அ முதல் ஈ வரை" என்று ஒரே மூட்டையாக வந்து இறங்கும். திட்டங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் இருக்காது. ஆனால் பின்னிணைப்பை விட்டுவிடாதீர்கள். மாநில வாரி அட்டவணை அங்கேதான் இருக்கும். எத்தனை கோடி ஒதுக்கி எத்தனை கோடி விடுவித்தார்கள் என்று அரசே கைப்பட எழுதிக் கொடுத்த எண் அது. செய்தித்தாளில் வருவதைவிட எனக்கு அது உபயோகம்.

ஒரு நல்ல கேள்வியும் சும்மா போட்ட கேள்வியும் எங்கே பிரிகின்றன என்பதும் இங்கேதான் தெரியும். இறக்குமதிப் பஞ்சுக்கு 2021 பட்ஜெட்டில் வரி போட்டார்கள். எல்லாம் சேர்த்து 11 சதவீதம். நூல் விலை எகிறியதும் 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். மறுபடி வரி வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரியைத் தலையில் போட்டபோது இங்கே மறுபடி விலக்கு. இந்த ஏற்ற இறக்கம் நடந்த காலத்தில், "ஜவுளித் துறையை ஊக்குவிக்க அரசு என்ன செய்கிறது" என்று கேட்பவரும் கேள்வி கேட்டவர்தான். "வரிவிலக்கு எந்தத் தேதி வரை, நீட்டிப்பீர்களா, சிறு நூற்பாலைக்கு அதில் என்ன பலன்" என்று கேட்பவரும் கேள்வி கேட்டவர்தான். எம்.பி. டிராக்கில் இரண்டும் ஒன்று, ஒன்றுதான். தளத்தைக் குறை சொல்லவில்லை. தரத்தை எண்ணிக்கையில் காட்ட யாராலும் முடியாது.

சரி, ஒரு மதிப்பெண்ணைக் குறைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டு. நம் எம்.பி. எந்த மசோதாவுக்கு ஆதரவாகவும் எதற்கு எதிராகவும் வாக்களித்தார் என்று ஒரு பத்தி இந்தத் தளத்தில் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் பெரும் பங்கு குற்றம் இவர்கள் மேல் இல்லை. நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. "ஆம்" என்று ஒரு சத்தம், "இல்லை" என்று ஒரு சத்தம், எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் சொல்வார், முடிந்தது. யார் எந்தச் சத்தம் போட்டார் என்று எங்கும் பதிவாகாது. 2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்களை மாநிலங்களவையில் இப்படித்தான் முடித்தார்கள், எதிர்க்கட்சிகள் பெயர்வாரி வாக்கெடுப்பு கேட்டும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மட்டும் எண்ணாமல் தப்ப முடியாது. 2023 மகளிர் இடஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454க்கு 2 என்பது அப்படி வந்த கணக்கு.

இரண்டாவது காரணம் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளையை, மீறி வாக்களித்தால் பதவி போய்விடலாம். ஆகவே பெயர்வாரியாக எண்ணினாலும் ஒரு கட்சியின் எல்லா எம்.பி.க்களுக்கும் ஒரே விடைதான் வரும். "எல்லாருக்கும் ஒரே விடை, அதற்கு எதற்குத் தனிப் பத்தி" என்று பி.ஆர்.எஸ். நினைத்திருக்கலாம்.

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்சிக்கு ஒரே விடை என்றால் அந்தக் கட்சியின் விடையாவது பதிவில் கண்முன்னால் நிற்கட்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125க்கு 105 என்று நிறைவேறியது. அ.தி.மு.க.வின் 11 பேரும் ஆதரவாக வாக்களித்தார்கள். அந்த 11ஐ இந்தப் பக்கம் கழித்து அந்தப் பக்கம் கூட்டிப் பாருங்கள், 114க்கு 116. அதே கட்சி 2021 தேர்தல் அறிக்கையில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது. இன்னும் பின்னால் போனால், 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று நிறைவேற்றியபோது தி.மு.க.வும் ம.தி.மு.க.வும் ஆளும் கூட்டணியில் ஆதரவாக இருந்தன. அதே வருஷம் ஜூலையில் வைகோவையே அந்தச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்தார்கள். எந்தக் கட்சிக்காரரிடம் பேசினாலும் மற்றவர் போட்ட ஓட்டு நினைவிருக்கும், தன் கட்சி போட்டது மறந்திருக்கும். எம்.பி. டிராக் தொடங்குவதே 2009 மக்களவையிலிருந்து என்பதால் பொடா காலத்துப் பதிவு எதுவும் அதில் கிடையாது.

ஓட்டுப் பத்தி இருந்தால் எவ்வளவு தெளிவாகும் என்பதற்கு தி.மு.க.வின் திருச்சி சிவாவின் பக்கம் எனக்குப் பிடித்த உதாரணம். திருநர் உரிமைகளுக்காக அவர் 2014இல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. அந்த அவையில் தனிநபர் மசோதா ஒன்று நிறைவேறி 45 வருஷம் ஆகியிருந்தது. மக்களவையில் அது கரை சேரவில்லை. அரசு தன் பங்குக்கு வேறொரு மசோதா கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், திருநர் மீதான பாலியல் கொடுமைக்குத் தண்டனை அதிகபட்சம் இரண்டு வருஷம் என்றெல்லாம் இருந்ததால் திருநர்களே எதிர்த்தார்கள். 2019 நவம்பரில் அதை விரிவாக ஆராய எம்.பி.க்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா தீர்மானம் கொடுத்தார். வாக்கெடுப்பில் 55க்கு 74 என்று தோற்றது. ஒரு மனிதர் ஒரு விஷயத்தை ஐந்து வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கதை இது. எம்.பி. டிராக்கில் கதையின் முதல் பாதி இருக்கிறது, தனிநபர் மசோதா என்ற தலைப்பில். இரண்டாம் பாதிக்கு இடமே இல்லை.

நாமே தேடி எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். சன்சத் டாட் இன் தளத்தில் அந்தத் தேதியின் விவாதத்தை இறக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கம், செல்போனில் திறந்தால் மூச்சு வாங்கும். உள்ளே ஆதரவு என்று ஒரு பெயர்ப் பட்டியல், எதிர்ப்பு என்று இன்னொன்று. மக்களவைப் பட்டியலில் இனிஷியல் பின்னால் போய்விடும் என்பதால் ஆ.ராசாவை 'ஆர்' எழுத்தில் தேட வேண்டும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். கீழே பார்த்தால் சீட்டு மூலம் வாக்களித்தவர் என்று குறிப்பு. பொத்தான் சரியாக வேலை செய்யாதவர்களும் அவசரத்தில் மாற்றி அழுத்தியவர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்தது அது. 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்தும்போது, 2024 டிசம்பர் 17 அன்று, இப்படிச் சீட்டுகளையும் கூட்டித்தான் 269க்கு 198 என்று அறிவித்தார்கள். இந்தப் பட்டியல்கள் ஒரு மக்களவைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் வருவதில்லை. இத்தனை வருகைப் பதிவுகளையும் கேள்விகளையும் பிரித்து அடுக்கும் குழுவுக்கு இதுவும் முடியக்கூடிய வேலைதான்.

சட்டமன்றத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே வரி: உங்கள் எம்.எல்.ஏ. எப்படி வாக்களித்தார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி 122க்கு 11 என்று நம்பிக்கை கோரியது போன்ற நாட்கள் தவிர அங்கே தலை எண்ணுவதே அபூர்வம்.

யாருக்குப் பயன்படும்? ஏதாவது தொழிலில் இருந்துகொண்டு உங்கள் விஷயத்தை டெல்லியில் யார் பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள விரும்பினால் கண்டிப்பாகப் பயன்படும். தமிழ் இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். சொத்து விவரம், வழக்கு விவரம் இங்கே கிடைக்காது, அதற்கு மைநேதா என்று வேறு தளம் இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்து கோடி தொகுதி நிதியை எங்கே செலவழித்தார் என்பதற்கும் வேறு தளம்.

கட்டிங் மாஸ்டர் அண்ணாவுக்கு ஐந்து எம்.பி.க்களின் ஜவுளிக் கேள்விகளையும் ஒரே எக்ஸெல்லில் அடுக்கி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுல சாயப்பட்டறைத் தண்ணியப் பத்தி ஒண்ணையும் காணோமுங்களே?" என்றார். அது சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வாரம் அதைத் தேட வேண்டும்.